புழுவும் பூச்சியும்: ஒரு சொல்லின் பொருளெல்லை

பொருள் விளக்கம் வேண்டாதது என்று கருதப்படும் சொற்களுள் புழு என்பதும் ஒன்று. இரண்டே குறில், சிறு குழந்தையும் அறிந்த பொருள். ஆதலின் அகராதியாளர் இதற்குச் சில வரிகளே கொடுத்துக் கடந்து செல்வர். ஆயினும், பேச்சு வழக்கையும் நூல் வழக்கையும் அருகருகே வைத்து நோக்குவார்க்கு இச்சொல்லின் எல்லை எளிதில் அகப்படுவதில்லை. காலின்றி மண்ணுள் ஊர்வது புழு. எண்ணிணைக் கால்கொண்டு இலை தின்பதும் புழு. ஊராமலும் உண்ணாமலும் கூட்டினுள் அடங்கிக் கிடப்பது கூட்டுப்புழு. குடலில் வாழ்வது நூலில் புழு, வீட்டில் பூச்சி. உயிரி ஒன்றும் இல்லாத இடத்தில் மயிர் உதிர்ந்து வட்டம் விழுந்தால் அது புழுவெட்டு. இத்தனைக்கும் பொதுவாய் நிற்கும் கருத்து யாது? அக்கருத்தைத் தெளியாமல் இக்காலக் கலைச்சொற்களை ஆக்கியதனால் விளைந்த இடர்ப்பாடு யாது? இவ்விரு வினாக்களே இக்கட்டுரைக்கு அடிப்படை.

ஆராய்ச்சிக்கு நிலைக்களமாகக் கடமலைக்குண்டு வட்டாரத்தை எடுத்துக்கொண்டமைக்குக் காரணம் உண்டு. தேனி மாவட்டத்து ஆண்டிபட்டி வட்டத்தில், வருசநாட்டு மலையினின்று இறங்கி வரும் வைகையின் மேற்பள்ளத்தாக்கில் அமைந்தது இவ்வூர். கடமலை-மயிலாடும்பாறை ஒன்றியம் இவ்வூர்ப் பெயரையும் அண்டையூர்ப் பெயரையும் இணைத்துத் தன் பெயராகக் கொண்டது. இலவும் முருங்கையும் தென்னையும் மக்காச்சோளமும் விளையும் நிலம். ஆடுமாடு மேய்க்கும் மக்கள். எனவே புழுவோடு நாள்தோறும் வழக்குடையார் இவர். மற்றொரு காரணம் மொழி பற்றியது. தேனி மாவட்டத்திலும் கம்பம் பள்ளத்தாக்கிலும் தமிழோடு தெலுங்கையும் கன்னடத்தையும் இல்லத்து மொழியாகக் கொண்ட குடிகள் பல தலைமுறையாக வாழ்கின்றனர். மலைக்கு மேற்கே மலையாளம். ஒரே சொல்லின் நான்கு வடிவங்கள் ஒரு நாட்பயணத்துக்குள் கேட்கும் இடம் இது.

அந்நான்கு வடிவங்களை முதற்கண் காண்போம். தமிழிலும் மலையாளத்திலும் புழு என்பதே வடிவம். கன்னடத்தில் ஹுளு. பால் ஹாலு ஆகியவாறும், பல் ஹல்லு ஆகியவாறும், பூ ஹூ ஆகியவாறும் மொழிமுதற் பகரம் ஹகரமாய்த் திரிந்தது, ழகரம் ளகரமாயிற்று. தெலுங்கில் ழகரம் ரகரமாகிப் புருவு, புருகு என நின்றது. பரோவும் எமனோவும் தொகுத்து 1961-இல் வெளியிட்ட திராவிடச் சொற்பிறப்பியல் அகராதி இவற்றை ஓரினமாகவே காட்டும். தென்மாவட்டத் தமிழ்ப் பேச்சில் ழகரம் ளகரமாய் ஒலித்தலின், கடமலைக்குண்டில் காதிற்படும் வடிவம் 'புளு' என்பதே.

வடிவம் ஒன்றாயினும் பொருளெல்லை ஒன்றன்று. தெலுங்குப் புருகு, நெளியும் புழுவை மட்டுமின்றிப் பறக்கும் பூச்சியையும் வண்டையும் தழுவும்; பாம்பின் பெயரைச் சொல்ல அஞ்சுமிடத்து அதற்கும் அச்சொல்லே ஆகும். கன்னட ஹுளுவும் அத்தகைய அகலம் உடையது. தமிழில் அவ்வகலம் பூச்சி என்னும் சொல்லுக்கே உரியது. 'பூச்சி பொட்டு இருக்கும், பார்த்துப் போ' என்று இரவில் வரப்பில் நடப்பானை எச்சரிக்கும் தாய் பாம்பையும் உள்ளடக்கியே பேசுகின்றாள். ஆகவே தமிழில் பூச்சி என்னும் சொல் பெருவழக்குற்றமையால் புழு என்பதன் பரப்புச் சுருங்கிற்று எனக் கருத இடமுண்டு. உடன்பிறந்த மொழிகளில் அச்சுருக்கம் இத்துணை நிகழவில்லை.

சுருங்கிய பின் புழுவுக்கு எஞ்சியது எது? ஓர் உயிரினத்தின் பெயராக அது எஞ்சவில்லை. ஒரு தோற்றத்தின் பெயராக, ஒரு நிலையின் பெயராக எஞ்சிற்று என்பது எம் கருத்து. மென்மை, எலும்பின்மை, நெளிதல், உள்ளிருந்து தின்னல் ஆகிய இந்நான்கனுள் இரண்டேனும் உள்ளவிடத்துத் தமிழர் புழு என்பர். வினைகளை நோக்குக. புழு நெளியும், ஊரும், குடையும், துளைக்கும். பூச்சி பறக்கும், மொய்க்கும், கடிக்கும். கடமலைக்குண்டு உழவர் 'புழு விழுந்திருக்கிறது' என்பர். புண்ணாயின் 'புழு வைத்துவிட்டது' என்பர். வயலில் ஆயிரம் கிடப்பினும் புழுக்கள் என்று பன்மை கூறுவார் இலர். பால்பகா அஃறிணைப் பெயரின் இயல்பு பேச்சில் இன்றும் பிறழாமல் நிற்கின்றது.

புழுத்தல் என்னும் வினை இன்னும் நுட்பமானது. பொருள்கள் கெடும் வகையெல்லாம் தமிழில் ஒரு வினையால் சொல்லப்படுவதில்லை. சோறும் குழம்பும் ஊசும், பழம் அழுகும், மரமும் பருப்பும் உளுக்கும், ஏடு செல்லரிக்கும், கத்தரிக்காயும் நிலக்கடலையும் பல்லும் சொத்தையாகும், ஊனும் புண்ணுமே புழுக்கும். உளுத்த மரத்தினுள்ளும் புழுவே உள்ளது. சொத்தைக் கத்தரியைப் பிளந்தால் அங்கும் புழுவே நெளிகின்றது. ஆயினும் அவை புழுத்தன என்பது பெருவழக்கன்று. புழுத்தல் என்ற அளவில் நாற்றமும் அருவருப்பும் உடன்வருகின்றன. உயிருள்ள உடம்பு, அல்லது உயிர் நீங்கிய உடம்பு, பிறிதோர் உயிர்க்கு உணவாகும் நிலையை அவ்வினை குறிக்கின்றது. புழுத்த நாயும் குறுக்கே போகாது என்னும் வசையில் இக்கருத்தே உறைப்பாய் நிற்கின்றது. நன்கு விளைந்த பழத்தைப் 'புழுத்தது' என்று சொல்லிக் கடைக்காரரிடம் வாங்க மறுப்பவர், அழுகியது என்பதினும் மிகுந்த இழிவையே கருதுகின்றார்.

புழுங்கல், புழுக்கம், புழுக்கு முதலிய சொற்களைப் புழுவோடு சேர்த்து எண்ணுவாரும் உளர். பொருநராற்றுப்படை வெந்த ஊனைப் புழுக்கு என்னும் சொல்லால் குறித்தது. நெல்லை ஊறவைத்து அவித்து உலர்த்திக் குற்றுவது புழுங்கலரிசி. காற்றின்றி வெம்மை உள்ளடங்கிய பொழுது புழுக்கம். வெளியிடாது உள்ளே வெதும்புதல் மனப்புழுக்கம். இவையனைத்தும் ஈரத்தோடு கூடிய உள்வெப்பத்தைக் குறிப்பன. புழை, புழல் என்பனவோ துளையைக் குறிப்பன. துளைத்துச் செல்வதால் புழு எனப் பெயர் பெற்றது என்பார் கூற்று, வெப்பத்தில் தோன்றுவதால் பெயர் பெற்றது என்பார் கூற்றினும் வலியுடையது; புழு தொழிலால் துளைப்பது கண்கூடு. எனினும் ஒலி ஒப்புமை ஒன்றே கொண்டு மூன்றையும் ஒரு வேரில் கட்டுதல் ஆராய்ச்சியாகாது. புழுகு என்னும் மணப்பொருட் பெயர் இன்னும் விலகி நிற்பது. அது புனுகு என்பதன் மறுவடிவம்.

இனி இலக்கணநூல் வழக்கு. தொல்காப்பிய மரபியல் உயிர்களை அறிவு வகையால் ஆறாகப் பகுத்து எடுத்துக்காட்டுந் தருகின்றது. புல்லும் மரமும், நந்தும் முரளும், சிதலும் எறும்பும், நண்டும் தும்பியும் என்று நிரல் செல்லும். அந்நிரலில் புழு என்னும் பெயர் இல்லை. நன்னூலார் தம் நிரலிலும் அதனை எடுத்தோதவில்லை. இது தற்செயல் எனக் கழித்தற்குரியதன்று. தும்பியும் வண்டும் சிதலும் தத்தம் பெயரோடு தனியினமாய் நிற்பன. புழுவோ ஒரு தனியினமன்று. வண்ணத்துப்பூச்சியின் இளமையும் புழு, வண்டின் இளமையும் புழு, ஈயின் இளமையும் புழு. பார்ப்பு, பறழ், குட்டி, குருளை, கன்று, பிள்ளை என இளமைப்பெயர்களை வகுத்த மரபியல் ஆசிரியர் புழுவை அவற்றுள் வைக்கவில்லை. ஆயின் இக்காலப் பயிர்நூலார் அதனை இளமைப்பெயராகவே ஆள்கின்றனர்: முட்டை, புழு, கூட்டுப்புழு, அந்துப்பூச்சி என்பது அவர் நிரல். மரபுவழிச் சொல் ஒன்று புதிய இலக்கணத் தொழில் பெற்றமைக்கு இது நல்லதோர் எடுத்துக்காட்டு. அந்து என்பது நெல்லைக் கெடுக்கும் சிறு பூச்சியின் பெயராய் இருந்து, இன்று அவ்வகைப் பூச்சிகள் அனைத்துக்கும் பொதுப்பெயராய் விரிந்தமையும் உடன்வைத்து எண்ணத்தக்கது.

சமய இலக்கியத்தில் புழு பிறவியின் கடைநிலை. மாணிக்கவாசகர் சிவபுராணத்தில் தாம் எடுத்து இளைத்த பிறவிகளை எண்ணுமிடத்துப் புல், பூடு என்பவற்றின் பின்னும் மரத்தின் முன்னும் புழுவை வைத்தார். உயிர் தோன்றிய வரிசையை இது காட்டும் என்று இக்கால அறிவியலை அதில் ஏற்றிப் பேசுவார் கூற்று வலிந்து கொள்வதேயாகும். நிலைத்திணைக்கு நடுவே புழு நிற்பதற்கு எதுகையும் ஓசையுமே போதிய காரணம். திருநாவுக்கரசர் திருப்பாதிரிப்புலியூர்ப் பதிகத்தில் புழுவாய்ப் பிறக்க நேரினும் இறைவன் திருவடி மறவாமையை வேண்டினார். ஆண்டும் புழு கடைநிலையே. ஆயின் அக்கடைநிலை அஞ்சத்தக்கதாக அவருக்குத் தோன்றவில்லை. உடம்பைப் புழுக்கூடு என்று இகழ்வது சித்தர் மரபு. குறளில் அன்பில்லாத உயிரை அறம் காய்தற்கு வெயில் உவமையாயிற்று. ஆண்டு வள்ளுவர் புழு என்று பெயர் கூறவில்லை. எலும்பில்லாதது என்று இலக்கணமே கூறினார். அதனைப் புழு என்று கொண்டவர் பொருள் காண்போர். பெயர் சொல்லாமல் இயல்பு சொல்லிய அம்முறை, புழு என்பது இயல்பு பற்றிய சொல் என்னும் எம் கருத்துக்கு அரணாகின்றது. பாரதியார் கண்ணன் பாட்டில் பிரிவால் நையும் உள்ளத்தைத் தூண்டிலில் கோத்த புழுவுக்கு ஒப்பிட்டார். வெயிலிற் புழுவாய்த் துடித்தான் என்னும் உலகவழக்கும் இவ்வினத்தது.

கடைநிலையினின்று புழுவை மேலேற்றியவர் பெ. சுந்தரம் பிள்ளை. 1891-இல் வெளிவந்த மனோன்மணீயத்தில் நடராசன் என்னும் பாத்திரம் நாங்கூழ்ப் புழுவை விளித்து, மண்ணைத் தின்று பண்படுத்தும் அதன் ஓயாத உழைப்பை வியந்து, உழவர்க்கெல்லாம் தலைமை கொடுத்துப் பேசுகின்றான். டார்வின் மண்புழுவைப் பற்றித் தனிநூல் எழுதி வெளியிட்டது 1881. பத்தாண்டுக்குள் தமிழ் நாடகத்தில் அதே சிற்றுயிர் போற்றப்பட்டது. நாங்கூழ் என்னும் அருஞ்சொல்லை அவர் ஆண்டதும் நோக்கத்தக்கது. பேச்சில் அது நாக்குப்பூச்சி, மண்புழு எனப் பலவாறு வழங்கும். இன்று உழவரிடையே மண்புழு உரம் என்னும் தொடர் பெருகியதனால் மண்புழு என்பதே நிலைத்து, நாங்கூழ் ஏட்டளவில் நின்றுவிட்டது. ஒரு நல்ல சொல் போயிற்று என்பது மட்டுமன்று. எலும்பற்ற உயிர்களுள் உண்மையான புழுவினத்துக்கும் பூச்சியின் இளமைநிலைக்கும் வேறுபாடு காட்டவல்ல தனிச்சொல் ஒன்று கையிலிருந்தும் பயன்படாது போயிற்று.

குளவி புழுவைக் கொட்டிக் கொட்டித் தன்வடிவாக்கும் என்னும் உவமையைத் தமிழ் கற்றார் யாவரும் அறிவர். வேட்டுவன் என்னும் குளவியைச் சைவ சித்தாந்திகளும் வேதாந்திகளும் குருவுக்கு உவமையாக்கினர். வடமொழியாளர் இதனைக் கீடபிரமர நியாயம் என்பர். நிகழ்வது வேறு. குளவி பச்சைப்புழுவைக் கொட்டிச் செயலறச் செய்து மண்கூட்டில் அடைத்து, அதன்மேல் முட்டையிட்டு வாயிலை மூடுகின்றது. முட்டையினின்று வரும் குளவிக் குஞ்சு அப்புழுவைத் தின்று வளர்ந்து, குளவியாகி வெளியேறுகின்றது. உள்ளே போனது புழு, வெளியே வந்தது குளவி. இடைநிகழ்ச்சி கண்ணுக்குப் புலனாகாமையால் உவமை பிறந்தது. இதனைக் கூறுவது முன்னோரை இகழ்தற்கன்று. உவமை பொய்யாயினும் அதன் அடிப்படையில் ஒரு மெய்யான அறிவு உளது. புழு நிலையான வடிவன்று, வேறொன்றாக மாறவல்லது என்பதே அது. குளவி செய்வதாகக் கருதிய மாற்றத்தைப் பட்டுப்புழு தானே செய்துகொள்கின்றது. அது நான்குமுறை தோலுரித்து, முதிர்ந்த பின் இரண்டு மூன்று நாளில் ஒரே இழையால் தன்னைச் சுற்றிக் கூடு கட்டும். நல்ல கூட்டில் அவ்விழை ஆயிரம் மீட்டருக்கு மேலும் நீளும். தேனி மாவட்டத்தில் மல்பெரி பயிரிட்டுப் பட்டுப்புழு வளர்ப்பார் உளர். கூட்டினுள் இருக்கும் உயிர் இழையைக் கிழித்து வெளிவராமற் காக்க வேண்டிக் கூட்டை ஆவியிலோ வெப்பத்திலோ இட்டு உள்ளிருப்பதை மாய்ப்பர். புழு, புழுக்கு என்னும் இரு சொற்களும் வேறுவேறு வேரினவாயினும் இவ்வொரு தொழிலில் துயரோடு கூடிவிடுகின்றன. கிராமத்துப் பிள்ளைகளுக்கோ பட்டுப்பூச்சி என்பது மழைக்காலத்தில் செந்நிறப் பட்டுத் துணுக்குப் போல் மண்ணில் ஊரும் தம்பலப்பூச்சியே. சங்கப் புலவர் மூதாய் என்றது அதனையே.

இனிக் கலைச்சொற்கு வருவோம். கூட்டுப்புழு என்னும் சொல் கூடு என்பதன் டகரம் இரட்டித்து அமைந்தது. கூட்டமாய் வாழும் புழு என்று பொருள்கொள்ளவும் அவ்வமைப்பு இடந்தருகின்றது. முருங்கையை எடுத்துக்கொள்வோம். முருங்கைக் கம்பளிப்புழு பகலில் அடிமரத்தில் கூட்டங்கூட்டமாய் ஒட்டியிருக்கும். தீப்பந்தம் கொண்டு அவற்றைக் கருக்குதல் உழவர் வழக்கம். 'முருங்கையில் கூட்டுப்புழு' என்று கேட்கும் உழவர் இக்கூட்டத்தை எண்ணுவரோ, மண்ணுள் அடங்கிய நிலையை எண்ணுவரோ? கேட்பவர் மனத்தில் தோன்றும் பொருளே சொல்லின் பொருள் என்பதனைச் சொல்லாக்கக் குழுவினர் மறந்துவிடலாகாது.

படைப்புழு மற்றோர் எடுத்துக்காட்டு. அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட ஒருவகைப் படைப்புழு 2016-இல் ஆப்பிரிக்காவிலும், 2018 மே மாதத்தில் கருநாடகத்துச் சிவமொக்காவிலும் காணப்பட்டு, அவ்வாண்டிலேயே தமிழ்நாட்டு மக்காச்சோளத்தில் பரவியது. படை என்பது திரண்டு செல்லுதலை உணர்த்தும். ஆயின் மக்காச்சோளக் குருத்தினுள் இப்புழு தனித்தே இருந்து குடைவதைத்தான் உழவர் கண்டனர். இரண்டு ஒருங்கிருப்பின் ஒன்று மற்றொன்றைத் தின்னும். பெயர் காட்டும் உருவம் வேறு, வயலில் காணும் உருவம் வேறு. இதனினும் பெரிய குழப்பம் புழுவென்றும் பூச்சியென்றும் சொல்வதில் எழுவது. பயிர்க்குக் கேடு செய்வது புழுநிலை. முட்டையிட்டுப் பெருக்குவது பூச்சிநிலை. விளக்குப்பொறியும் இனக்கவர்ச்சிப் பொறியும் பூச்சிநிலைக்கு உரியன. தெளிமருந்து புழுநிலைக்கு, அதுவும் இளம்புழுவாய் இருக்கும்போதே உரியது. அசுவினி, இலைப்பேன் போன்ற சாறுண்ணிகட்கு உரிய மருந்து வேறு. மருந்துக்கடையில் 'பூச்சி விழுந்திருக்கிறது' என்ற ஒரு தொடரே இம்மூன்று நிலைக்கும் சொல்லப்படுகின்றது. உழவர் கண்ணால் நன்கு வேறுபடுத்தி அறிந்ததனை அவர் வாய்ச்சொல் வேறுபடுத்தவில்லை. கொடுப்பவர் எதனைக் கொடுப்பார்?

இத்தொடர்பில் யாம் மிகவும் கவலையோடு சுட்ட விரும்புவது பூச்சி மருந்து என்னும் தொகைச்சொல். வயற்குத் தெளிக்கும் நஞ்சும் பூச்சி மருந்து. குழந்தையின் வயிற்றுக்குக் கொடுப்பதும் பூச்சி மருந்து. முன்னது பூச்சியைக் கொல்லும் மருந்து, பின்னது வயிற்றுப் பூச்சிக்கு மருந்து; இரண்டும் நான்காம் வேற்றுமைத் தொகையாகவும் விரியும், இரண்டாம் வேற்றுமை உருபும் பயனும் உடன்தொக்க தொகையாகவும் விரியும். தொகை விரியும் வகையால் இவற்றைப் பிரிக்க முடியாது. பேசுமிடம் ஒன்றே பிரிக்கின்றது. ஒரே வீட்டில், ஒரே மாடத்தில், ஒரே பெயருள்ள இரண்டு புட்டிகள் இருக்கக்கூடும். எழுத்தறியாதாரும் கண்ணொளி மங்கிய முதியோரும் உள்ள இல்லத்தில் இஃது இலக்கண வினாவாக மட்டும் நில்லாது.

வயிற்றுப் புழுவை மக்கள் ஏன் பூச்சி என்றனர்? இறகும் காலும் இல்லாத அது எவ்வாற்றானும் பூச்சியன்று. கீரிப்பூச்சி, நாக்குப்பூச்சி, வயிற்றுப்பூச்சி என்று வழங்குவதற்கு அறியாமை காரணமன்று; தகுதி வழக்கே காரணம். நன்னூலார் இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என மூன்றாகத் தகுதி வழக்கைப் பகுத்தார். மேலே காட்டியவாறு, உடம்போடு சார்த்திப் புழு என்றால் அழிவும் பிணநாற்றமும் உடன்தோன்றும். தாய் தன் மகவின் வயிற்றில் புழு உள்ளது என்று கூற நாக்கூசுவாள். பாம்பைப் பூச்சி என்ற அதே நாத்தான் புழுவையும் பூச்சி என்றது. முன்னது அச்சத்தால், பின்னது அருவருப்பாலும் அன்பாலும். சுண்டைவற்றலும் வேப்பங்கொழுந்தும் கொடுத்த காலத்தில் இம்மறைமொழியால் கேடில்லை. வயல் நஞ்சுகள் வந்து, அவையும் மருந்து என்னும் பெயரைப் பெற்றபின்னரே கேடு புகுந்தது. நஞ்சுக்கு மருந்து என்று பெயரிட்டமை, யாம் அறிந்த அளவில், இந்நூற்றாண்டுத் தமிழர் இன்னும் திருத்திக்கொள்ளாத சொற்பிழைகளுள் முதன்மையானது.

இவ்விடத்தில் ஆக்கச்சொல் ஒன்று நற்பணி ஆற்றுகின்றது. தேசியக் குடற்புழு நீக்க நாள் 2015 பிப்பிரவரியில் தொடங்கியது. பிப்பிரவரி 10, ஆகஸ்டு 10 ஆகிய நாள்களை ஒட்டி 1 முதல் 19 அகவை வரை உள்ளார்க்குப் பள்ளியிலும் அங்கன்வாடியிலும் அல்பெண்டசோல் மாத்திரை வழங்கப்படுகின்றது. ஓரகவை நிரம்பி ஈரகவை எய்தாத குழந்தைக்கு 200 மில்லிகிராம். அதற்கு மேற்பட்டார்க்கு 400. அரசின் சுவரொட்டியில் பூச்சி மருந்து என்ற தொடர் இல்லை. குடற்புழு நீக்கம் என்றே உளது. பள்ளிப் பிள்ளைகள் அச்சொல்லைக் கூசாமல் சொல்கின்றனர். ஆடு வளர்ப்பாரிடையே இச்சொல் முன்னரே கால்நடை மருத்துவர் வாயிலாகப் பரவிற்று: 'ஆட்டுக்குக் குடற்புழு நீக்கம் பண்ணணும்' என்று மேய்ப்பர் இயல்பாய்ச் சொல்லும் தொடரில் எழுத்துநடையும் பேச்சுநடையும் ஒட்டி நிற்றல் காண்க. நீக்கம் என்னும் சொல் மருந்து என்னும் சொல்லை விலக்கிவிட்டமையால் இரு புட்டிகளின் பெயரும் பிரிந்தன. இல்லத்துப் பேச்சில் பழந்தொடர் இன்னும் மறையவில்லை. அகராதி செய்வார் பூச்சி மருந்து என்பதன் இரு பொருளையும் தனித்தனி எண்ணிட்டுக் காட்டுதல் கடனாகும்.

புழுவே இல்லாத இடத்தில் புழு என்று பெயர் வைத்தலும் நோயாளிக்கு இடர் விளைக்கும். தலையிலோ தாடியிலோ வட்டமாய் மயிர் உதிர்வது புழுவெட்டு. கண்ணுக்குத் தெரியாத புழு ஒன்று மயிரை வெட்டுகின்றது என்பது பெயரின் கருத்து. உடலின் காப்பாற்றல் தன் மயிர்க்காலையே பகையென மாறிக் கருதித் தாக்குதலால் வருவது அந்நோய் என்பது இன்றைய மருத்துவம். ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றாது. பெயரோ தொற்றும் என்று அஞ்சச் செய்கின்றது. மறுதலையாக, ஆங்கிலத்தில் வளையப்புழு என்று பொருள்படும் பெயருடைய தோல்நோயைத் தமிழர் படர்தாமரை என்றனர். அது பூஞ்சையால் வருவது, தொற்றுவது. தொற்றாததற்குப் புழு என்றும், தொற்றுவதற்குத் தாமரை என்றும் பெயர் அமைந்த முரண் வியப்பிற்குரியது. சொத்தைப் பல்லில் புழு உண்டு என்னும் நம்பிக்கை உலகெங்கும் இருந்தது. தமிழ்நாட்டில் கண்டங்கத்திரி வித்தின் புகையைப் பல்லுக்குக் காட்டுதல் பழைய வழக்கம். பிரெஞ்சு மருத்துவர் பியர் பொசார் 1728-இல் வெளியிட்ட நூலில் பற்புழுக் கொள்கையை மறுத்தார். பெயரளவில் அப்புழு இன்னும் ஊர்ப்பேச்சில் வாழ்கின்றது.

வடசொல்லாகிய கிருமி என்பதும் முதற்கண் புழுவையே குறித்தது. வைணவ குருபரம்பரைக் கதைகளில் இராமாநுசரைத் துன்புறுத்திய சோழன் கிருமிகண்டன் எனப்படுதல், கழுத்தில் புழு வைத்த புண் உண்டாயிற்று என்னும் கதையால் வந்தது. அவன் எச்சோழன் என்பதில் வரலாற்றாசிரியர் ஒருமித்த முடிவினர் அல்லர். இன்று கிருமி என்றால் நுண்ணுயிர் என்பதே தமிழ்ப்பொருள். புழு என்று ஒருவரும் கொள்ளார். பாரசீகத்தில் இதற்கு உறவாகிய கிர்ம் என்னும் சொல்லின் வழியே அரபுமொழியினூடு சென்று ஐரோப்பிய மொழிகளில் ஒரு செந்நிறப் பெயர் தோன்றியது. சாயந்தரும் சிறு பூச்சியைப் புழு என்று கருதியதே காரணம். ஆங்கிலத்தில் புழுவைக் குறிக்கும் சொல் பழங்காலத்தில் பாம்பையும் பேரரவையும் குறித்தது. கணினிக்குள் தானே படியெடுத்துப் பரவும் நிரலையும் அச்சொல்லால் வழங்கினர். 1988-இல் மோரிசு என்பார் விடுத்த நிரலால் அப்பெயர் உலகறிந்தது. தமிழில் அதனைக் கணினிப்புழு என்று பெயர்த்தனர். குடைந்து உட்புகுதல் என்னும் இயல்பு பொருந்துதலின் அப்பெயர்ப்பு தீங்கில்லை. நூல்களிலேயே மூழ்கியிருப்பாரைப் புத்தகப்புழு என்பது அத்துணைப் பொருத்தமன்று. ஏடு துளைக்கும் பூச்சிக்கு இராமபாணம் என்னும் தனிப்பெயர் தமிழில் முன்பே உண்டு. சுவடி பதிப்பித்தார் யாவரும் அப்பெயரை நன்கறிவர்.

எஞ்சியது ஒன்று. புழுவே ஆகியும் புழு என்னும் பெயர் பெறாத நோய் நரம்புச் சிலந்தி. படிக்கிணற்று நீரிலுள்ள நுண்ணிய உயிரோடு உடலிற் புகுந்து, ஓராண்டளவு வளர்ந்து, ஒரு மீட்டர் வரை நீண்ட பெண்புழு காலில் கொப்புளம் உண்டாக்கி வெளிவரும். அதனைக் குச்சியில் நாள்தோறும் சிறிது சிறிதாகச் சுற்றி எடுப்பர். இந்நோய் வழங்கிய மாநிலங்களுள் தமிழ்நாடும் ஒன்று. சிலந்தி என்பது ஈண்டு எட்டுக்கால் உயிரன்று. கட்டி, புண் என்னும் பழம்பொருளது. நரம்பு போல் நீண்டு வருவதைக் கொண்டுடைய கட்டி என்க. இந்தியாவில் கடைசி நோயாளி 1996 சூலையில் இராசத்தானத்தில் காணப்பட்டார். 2000 பிப்பிரவரியில் உலகச் சுகாதார நிறுவனம் இந்நாட்டை அந்நோய் நீங்கியதாகச் சான்றளித்தது. இன்றைய மாணவர் நரம்புச் சிலந்தி என்னும் தொடரை ஏட்டிற் கண்டால் எட்டுக்கால் பூச்சி ஒன்றையே எண்ணுவர். சிலந்தி என்பதற்குப் புண் என்னும் பொருள் உண்டு என்று கூறும் அகராதிகள், அப்பொருட்கு இந்நோயின் பெயரை மேற்கோளாக அதனடியிலேயே சேர்த்து அச்சிடுதல் வேண்டும்.